நெட்வொர்க் கேள்வி-பதில்: தாளம் போடுவது யார்?

போன இதழில், "லைன் வருவதற்குள் இரண்டு ரூட்டர்களையும் மேசையிலேயே பேக் டு பேக் இணைத்துச் சோதித்துவிடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதாவது, தூரத்து அலுவலகத்தோடு இணைக்கும் லைன் வருவதற்கு முன், இரு முனை ரூட்டர்களையும் நேரடியாகக் கேபிளால் இணைத்துப் பார்ப்பது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் செய்து பார்த்து மாட்டிக்கொண்டவர்கள். மீதிப் பேர் மேசையில் ஓடியது லைனில் ஓடவில்லை என்று கோபப்படுகிறவர்கள். இந்த முறை வேறு கேள்விகள் இல்லை, இதுதான்.

கே: பழைய ரூட்டர்கள் இரண்டு கிடைத்தன, இரண்டிலும் சீரியல் கார்டு இருக்கிறது. கேபிள் மாட்டி, ஐபி கொடுத்து, இரு பக்கமும் 'நோ ஷட்டவுன்' கொடுத்தேன். 'சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்' என்றே நிற்கிறது. ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது சார். (கல்லூரி மாணவர்)

ப: ஒரு நாள்தானே! நான் முதன்முதலில் இதே வரியைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அப்போது கேட்பதற்கு ஆளும் இல்லை.

நிஜ லைனில் உங்கள் ரூட்டர் தாளம் போடுவதில்லை, பாட மட்டும்தான் செய்கிறது. எந்த பிட்டை எப்போது அனுப்புவது என்கிற துடிப்பு, லைன் கொடுப்பவர் கொண்டுவந்து வைக்கும் பெட்டியிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டிக்கு டிசிஇ என்று பெயர், ரூட்டர் டிடிஇ. மேசையில் அந்தப் பெட்டி இல்லை. ஆகவே இரண்டு பாடகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, மற்றவர் தாளம் போடுவார் என்று காத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் தொடையில் தட்ட ஆரம்பிக்க வேண்டும்.

அது யார் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. கேபிள் முடிவு செய்கிறது. இரண்டு முனையிலும் சிறிய ஸ்மார்ட் சீரியல் கனெக்டர் உள்ள ஒற்றைக் கேபிள் என்றால், ஒரு முனையில் டிடிஇ, மறுமுனையில் டிசிஇ என்று அச்சிட்டிருக்கும். இரண்டு வி.35 கேபிள்களைக் கோத்திருந்தால், நடுவில் அந்தக் கனமான 34 பின் கட்டையில் பின் உள்ளது டிடிஇ கேபிள், துளை உள்ளது டிசிஇ கேபிள். பழைய கேபிளில் லேபிள் உரிந்து போயிருக்கும், அதை நம்ப வேண்டாம். ரூட்டரையே கேளுங்கள். 'ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல்' என்று இன்டர்ஃபேஸ் எண்ணோடு அடித்தால் பக்கம் பக்கமாகக் கொட்டும், மேலே உள்ள நாலைந்து வரி போதும். 'டிசிஇ வி.35' என்று ஒரு பக்கம் இருக்கும், 'டிடிஇ வி.35' என்று மறுபக்கம் இருக்கும். டிசிஇ பக்கத்தில் 'க்ளாக் ரேட் 64000' கொடுங்கள். அதன் பிறகு டிடிஇ பக்கத்தில் மறுபடி பார்த்தால், க்ளாக் கண்டறியப்பட்டது என்று அதே வரியில் சேர்ந்திருக்கும். இந்த ஒரு வரி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. சிஸ்கோ ரூட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் சில பதிப்புகள், கேபிள் எதுவாக இருந்தாலும், கான்ஃபிகில் 'க்ளாக் ரேட் 2000000' என்று தாமாகவே எழுதி வைத்திருக்கும். அதைப் பார்த்து இதுதான் டிசிஇ என்று நம்பிவிடாதீர்கள். கான்ஃபிக் சொல்வது ஆசை, கன்ட்ரோலர் சொல்வதுதான் நிலவரம்.

க்ளாக் சரி, இன்னும் எழும்பவில்லை என்றால் அடுத்த சந்தேகம் என்கேப்சுலேஷன், அதாவது பாக்கெட்டை லைனில் அனுப்பச் சுற்றிக் கட்டும் முறை. பழைய ரூட்டர் என்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் பிபிபி போட்டு விட்டுப் போயிருப்பார், மற்றதில் சிஸ்கோவின் வழக்கமான எச்டிஎல்சி இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. 'ஷோ இன்டர்ஃபேஸ்' இரு பக்கமும் அடித்து ஒப்பிடுங்கள். இரவல் ரூட்டர், பழைய ரூட்டர் எதுவானாலும் முதல் வேலை பழைய கான்ஃபிகைத் துடைத்துவிட்டு ரீலோட் செய்வது. நான் இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் செய்கிறேன்.

அதற்கும் மசியவில்லை என்றால் 'டீபக் சீரியல் இன்டர்ஃபேஸ்' போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 10 விநாடிக்கு ஒரு வரி வரும். அதில் மூன்று எண்கள் இருக்கும். மைசீக் என்பது நான் அனுப்பிய வரிசை எண். மைன்சீன் என்பது என்னுடைய எண்ணில் எதிராளி கடைசியாகப் பார்த்ததாகச் சொல்வது. யுவர்சீன் என்பது எதிராளியின் எண்ணில் நான் பார்த்தது. மைசீக் 118, 119, 120 என்று ஏறிக்கொண்டே போக, மைன்சீன் 117-லேயே உறைந்து நின்றால், நீங்கள் பேசுவது அங்கே கேட்கவில்லை. அல்லது கேட்டும் பதில் வரவில்லை. வித்தியாசம் மூன்றைத் தாண்டியதும் ரூட்டர் லைன் புரோட்டோகாலைக் கீழே இறக்கிவிடும். யாராவது ஒரு பக்கத்தில் 'நோ கீப்அலைவ்' (இந்த 10 விநாடிச் செய்தியை நிறுத்தும் கட்டளை) போட்டு மறந்திருந்தாலும் மறுபக்கம் இந்த நிலைக்கு வந்து நிற்கும். எனக்கு மூன்று நாள் போனது அதனால்தான். போட்டதும் நானேதான்.

கே: உங்கள் பேச்சைக் கேட்டு 64000 க்ளாக் கொடுத்தேன், பிங் (எதிராளி பதில் தருகிறாரா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகிறது. ஆனால் எதிர் ரூட்டருக்கு 28 மில்லிசெகண்ட் ஆகிறது. என் சொந்த சீரியல் முகவரிக்கே பிங் அடித்தால் 56 ஆகிறது! வீட்டுக்குள் இருப்பவனைக் கூப்பிட, பக்கத்து வீட்டுக்காரனைவிட அதிக நேரமா? (ஒரு வாசகி)

ப: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குக் கைகுலுக்க வேண்டும். பலரும் 56-ஐப் பார்ப்பதே இல்லை, ஆச்சரியக்குறி ஐந்து வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். (சிஸ்கோ பிங்கில் பதில் வந்தால் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி.)

முதலில் 28. சிஸ்கோ ரூட்டர் அனுப்பும் வழக்கமான பிங் 100 பைட். எச்டிஎல்சி தலைப்பு 4 பைட் சேர்த்தால் 104, அதாவது 832 பிட். விநாடிக்கு 64,000 பிட் வேகத்தில் அவ்வளவையும் கம்பியில் ஏற்ற 13 மில்லிசெகண்ட். போக 13, வர 13. மிச்சம் ஒன்றிரண்டு ரூட்டர் யோசிக்கிற நேரம். கணக்கு சரியாக இருக்கிறது. க்ளாக்கை 2000000 ஆக்கிப் பாருங்கள், ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்கு வந்துவிடும். கேபிளின் நீளம் மாறவில்லை, ரூட்டரும் மாறவில்லை, ஏற்றும் வேகம்தான் மாறியது.

இப்போது 56. சீரியல் இன்டர்ஃபேஸில் தன் முகவரிக்கே பிங் அடித்தாலும் ரூட்டர் அந்தப் பாக்கெட்டைக் கம்பியில் அனுப்பிவிடுகிறது. எதிர் ரூட்டர் வாங்கிப் பார்த்து, 'இது உன்னுடையதாயிற்றே' என்று திருப்பி அனுப்புகிறது. பதிலும் அதே போல ஒரு முறை போய் வருகிறது. ஆகவே கம்பியை நான்கு தடவை கடக்கிறது, நேரம் இரட்டிப்பு. உங்கள் ரூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் இது நல்ல சோதனை: சொந்த முகவரி பதில் சொன்னால் கம்பி, க்ளாக், எதிர்முனை மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். ஈத்தர்நெட்டில் இந்த வித்தை நடக்காது.

அப்புறம் இன்னொன்று. ஈத்தர்நெட்டில் முதல் பிங்கில் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறிகளும் வருவது வழக்கம். எதிராளியின் மேக் முகவரியை ஏஆர்பி கேட்டு முடிப்பதற்குள் முதல் பாக்கெட் போய்விடும். சீரியலில் இருப்பதே இரண்டு பேர்தான், யார் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அங்கே முதல் முயற்சியிலேயே ஐந்தும் வர வேண்டும். நான்குதான் வந்தது என்றால் சும்மா விடாதீர்கள்.

கே: 'பேண்ட்விட்த் 64' என்று கொடுத்தும் ஃபைல் அதே வேகத்தில்தான் போகிறது. கட்டளை வேலை செய்யவில்லையா?

ப: வேலை செய்கிறது, நீங்கள் நினைக்கிற வேலையை அல்ல. வேகத்தை மாற்றுவது க்ளாக் ரேட். பேண்ட்விட்த் என்பது ரூட்டிங் புரோட்டோகாலின் காதில் நாம் சொல்லும் தகவல், அவ்வளவுதான். ஓஎஸ்பிஎஃப் என்கிற ரூட்டிங் புரோட்டோகால் அந்த எண்ணை வைத்து காஸ்ட் (அந்த வழியின் செலவு, குறைவாக இருப்பதே நல்ல வழி) போடுகிறது. சொல்லாமல் விட்டால் சீரியலுக்கு பேண்ட்விட்த் 1544 என்று எடுத்துக்கொண்டு காஸ்ட் 64 என்று போடும். பேண்ட்விட்த் 64 என்று சொன்னால் காஸ்ட் 1562 ஆகும். க்ளாக்கை மாற்றினால் பேண்ட்விட்தையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் ஆமை வேக லைனை ரூட்டர் நெடுஞ்சாலை என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

கே: பிபிபி போட்டு இணைத்தேன். பிங் நன்றாகப் போகிறது. பிறகு பார்த்தால் ஒரு பக்கம் 10.1.1.1, மறுபக்கம் 10.1.1.6, இரண்டும் /30 (ஒரு சப்நெட்டில் இரண்டு முகவரிக்கு மட்டும் இடம் தரும் மாஸ்க்). வேறு வேறு சப்நெட்! எப்படிப் பேசிக்கொள்கின்றன?

ப: எனக்கும் நடந்தது. அச்சு அசலாக இதே தப்பு, 2-க்குப் பதில் 6.

பிபிபி எழும்பும்போது இரு பக்கமும் தங்கள் ஐபியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றன. சிஸ்கோ ரூட்டர் அதைக் கேட்டதும் எதிராளியின் முகவரிக்கு என்று தனியாக ஒரு /32 வழியைத் தன் டேபிளில் எழுதிக்கொள்ளும். 'ஷோ ஐபி ரூட்' பாருங்கள், 10.1.1.6/32 கனெக்டட் என்று இருக்கும். அந்த ஒற்றை வழியை வைத்துக்கொண்டு, சப்நெட் எதுவானாலும் பிங் போய்விடுகிறது. உபசாரம் அதிகமாகி உண்மை மறைந்து போகிற கதை.

நான் அப்படி மேசையில் 'சோதித்து' ரூட்டரை மூட்டை கட்டி எடுத்துப் போனேன். அங்கே போனால் லைன் சீரியலில் அல்ல, ஈத்தர்நெட்டில் வந்திருந்தது. சரி என்று ஐபியை அப்படியே அந்த இன்டர்ஃபேஸுக்கு மாற்றினேன். பிங் இல்லை. மேசையில் ஓடிய கான்ஃபிக் ஆயிற்றே, ஆகவே குற்றம் லைனில்தான் என்று லைன்காரர்களைத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தேன். மறுமுனையில் பேசியவர் கடைசியில் மிக மரியாதையாக, "சார், உங்க மாஸ்க்கை ஒரு தடவை படிங்களேன்" என்றார். படித்தேன். அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே மேசையில் சோதிக்கும்போது 'நோ பியர் நெய்பர்-ரூட்' போட்டுவிட்டு பிபிபியை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிங் வந்தால் முகவரிகள் உண்மையிலேயே சரி.

கே: எங்களுக்கு வரப்போவது ஈத்தர்நெட் லைன், கூடவே பேக்கப் லைன் ஒன்று. இரண்டு ரூட்டர்களையும் கேபிளால் நேரடியாக இணைத்து ஓஎஸ்பிஎஃப் ஓட்டி, கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு விநாடியில் பேக்கப்புக்கு மாறியது. மேலதிகாரியிடம் அப்படியே சொல்லிவிட்டேன். லைன் வந்த மாதமே அறுந்தது. மாற 40 விநாடி ஆனது. என் பெயர் கெட்டது. (பெயர் வேண்டாம் என்கிற வாசகர்)

ப: நீங்கள் செய்த சோதனை சரி, அறுத்த இடம் தப்பு.

மேசையில் ஒரே கேபிள். பிடுங்கியதும் இரு பக்கமும் போர்ட் விளக்கு அணைகிறது. ரூட்டருக்கு அதைவிடத் தெளிவான செய்தி வேண்டாம், உடனே வழியை மாற்றிவிடும். நிஜத்தில் உங்கள் ரூட்டரிலிருந்து கிளம்பும் கேபிள் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதே ரேக்கில், இரண்டு தட்டு கீழே, லைன்காரர் வைத்த பெட்டியில் முடிகிறது. லைன் அறுவது அந்தப் பெட்டிக்கு அப்பால், எங்கோ வழியில். உங்கள் போர்ட்டில் பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருக்கும். எதிராளி இறந்தது ரூட்டருக்கு யார் சொல்வது? ஓஎஸ்பிஎஃப் 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ சொல்லும், 40 விநாடி பதில் இல்லாவிட்டால்தான் ஆள் இல்லை என்று முடிவு கட்டும். உங்கள் 40 அங்கிருந்து வந்தது.

ஆகவே மேசையில் இரண்டு ரூட்டர்களுக்கு நடுவில் இரண்டு சாதாரண சுவிட்ச்களை வையுங்கள். ரூட்டர், சுவிட்ச், சுவிட்ச், ரூட்டர். பிடுங்க வேண்டியது இரண்டு சுவிட்ச்களுக்கும் நடுவில் உள்ள கேபிளை. ஒரு சாளரத்தில் பிங்கை ஓட விட்டு, எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். சிஸ்கோ பிங் ஒரு பதிலுக்கு 2 விநாடி காத்திருக்கும், ஆகவே இருபது புள்ளி என்றால் 40 விநாடி. பிறகு, எதிராளி உயிரோடு இருக்கிறாரா என்று மிக வேகமாகச் சோதிக்கும் பிஎஃப்டியைப் போட்டு, 300 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், மூன்று தவறினால் இறக்கு என்று வைத்து மறுபடி பிடுங்குங்கள். ஒரு புள்ளியோடு நிற்க வேண்டும். லைன்காரரின் பாதையில் கொஞ்சம் அதிகம் தடுமாற்றம் இருந்தாலும் பிஎஃப்டி வீணாகத் துள்ளும். அதனால் இன்னும் குறைக்கலாமே என்று ஆசைப்படாதீர்கள்.

ரூட்டிங் புரோட்டோகால் இல்லாமல் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைத்த மாறாத வழி) போட்டிருப்பவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும். அவர்களுக்கு 40 விநாடி அல்ல, யாராவது வந்து பார்க்கும் வரை மாறவே மாறாது. எதிர்முனைக்கு பிங் அனுப்பிக் கண்காணித்து, பதில் நின்றால் வழியை நீக்குகிற ஐபி எஸ்எல்ஏ போல ஒன்றை அந்த ரூட்டோடு கட்ட வேண்டும்.

சுவிட்ச்களை வைத்தாயிற்று என்றால் கூடவே ஒன்று செய்து பாருங்கள். ஒரு ரூட்டரின் இன்டர்ஃபேஸில் மட்டும், உள்ளே வரும் எல்லாவற்றையும் தடுக்கும் ஆக்சஸ் லிஸ்ட் ஒன்றைப் போடுங்கள். இப்போது லைன் ஒரு திசையில் மட்டும் செத்திருக்கிறது. ஒருவன் பேசுவது மற்றவனுக்குக் கேட்கிறது, பதில் வருவதில்லை. நிஜ லைனில், குறிப்பாகப் போக ஒரு ஃபைபர் வர ஒரு ஃபைபர் என்று இருக்கும் இடங்களில், இப்படித்தான் பாதி உயிரோடு கிடக்கும். முழுதாகச் செத்த லைனை, ரூட்டிங் புரோட்டோகால் ஓடும் எந்த ரூட்டரும் கண்டுபிடித்துவிடும், இந்தப் பாதிச் சாவில்தான் கான்ஃபிகின் லட்சணம் தெரியும்.

கே: மேசையில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் செய்து (வேகத்தை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தி) பார்த்தபோது முழு வேகமும் வந்தது. அதே 100 எம்பிபிஎஸ் நிஜ லைனில் ஒரு ஃபைல் 5-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: ஏமாற்றாமலும் இருக்கலாம். உங்கள் மேசையில் தூரம் இல்லை.

ஃபைபரில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டருக்கு ஒரு வழி 5 மில்லிசெகண்ட், போய்வர 10. எந்தக் கொம்பனாலும் இதைக் குறைக்க முடியாது, கேபிள் சுற்றிப் போனால் கூடும். ஃபைலைக் கொண்டுபோகும் டிசிபி புரோட்டோகாலோ, ஒரு அளவு வரை அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்காக நிற்கும். அந்த அளவுதான் விண்டோ. உங்கள் பழைய சர்வர் விண்டோ ஸ்கேலிங் (விண்டோவைப் பெரிதாக்கும் வசதி) இல்லாமல் 65,535 பைட்டோடு நிற்கிறது என்று வையுங்கள். போய்வர 100 மில்லிசெகண்ட் என்றால் விநாடிக்குப் பத்து சுற்று. பத்து சுற்றில் 6,55,350 பைட், அதாவது 5.2 எம்பிபிஎஸ். நீங்கள் சொன்ன 5 இதுவாகத்தான் இருக்கும். 100 மட்டுமல்ல, 1000 எம்பிபிஎஸ் லைன் வாங்கினாலும் அந்த ஒரு ஃபைல் அதே 5-தான் போகும். நான்கு ஃபைலை ஒரே நேரத்தில் இழுத்துப் பாருங்கள். மொத்தம் 20-ஐத் தொட்டால் லைன் மேல் பழி இல்லை.

இதை மேசையிலேயே பார்த்திருக்கலாம். இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இரண்டு கார்டையும் பிரிட்ஜ் ஆக்கி, ரூட்டர்களுக்கு நடுவில் வையுங்கள். லினக்ஸில் 'டிசி' கட்டளையோடு நெட்எம் என்று ஒன்று வருகிறது, தாமதத்தையும் இழப்பையும் நாம் சொல்கிற அளவுக்குச் செயற்கையாகச் சேர்க்கும். அது வெளியே போகும் பாக்கெட்டைத்தான் தாமதிக்கும். ஆகவே இரண்டு கார்டிலும் 50 மில்லிசெகண்ட் போட்டால் போய்வர 100.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்தது. நெட்எம் தன் வரிசையில் 1000 பாக்கெட்தான் வைத்துக்கொள்ளும். 100 எம்பிபிஎஸ்ஸில் 50 மில்லிசெகண்டுக்கு 1500 பைட் பாக்கெட்கள் நானூற்றுச் சொச்சம்தான் நிற்கும், பிரச்சினை இல்லை. 1 ஜிபிபிஎஸ்ஸில் நாலாயிரத்தைத் தாண்டும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், நீங்கள் ரூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 'லிமிட்' என்று சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிவிடுங்கள்.

கே: 80 கிலோமீட்டர் எஸ்எஃப்பி (ரூட்டரில் செருகும் ஃபைபர் மாட்யூல்) இரண்டை வாங்கி, ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் இணைத்துச் சோதித்தேன். எரர் கொட்டுகிறது. மாட்யூல் பழுதா?

ப: இப்போதைக்கு இல்லை, இப்படியே விட்டால் ஆகிவிடும். உடனே கழற்றுங்கள். 80 கிலோமீட்டர் தாண்டக் கத்துகிறவனை ஒரு மீட்டரில் நிறுத்திக் காதில் கத்த விட்டிருக்கிறீர்கள். அந்த வகை மாட்யூல் 0 முதல் 5 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) வரை ஒளி வெளியிடும், வாங்குகிற பக்கமோ -3 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. இரு திசையிலும், ஒளியைக் குறைக்கும் 10 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகிவிட்டுச் சோதியுங்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே எரிகிறதா என்று முனைக்குள் எட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கே: சீரியல் கேபிளின் 60 பின் கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். கொஞ்சம் பலம் கொடுத்தபோது போயும்விட்டது!

ப: டி வடிவத்தில் இருந்தாலும் பலம் கொடுத்தால் போகத்தான் செய்யும், அதுதான் அதன் சாபம். ரூட்டரை அணைத்துவிட்டு, நேராக இழுத்துக் கழற்றுங்கள், ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டாம். பின்கள் இருப்பது கேபிள் பக்கம், கார்டில் இருப்பது துளைகள். ஆகவே சேதம் பெரும்பாலும் கேபிளுக்குத்தான். டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். சாய்ந்திருக்கும் பின் மேல், லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் குழாய் முனையைச் செருகி மெல்ல நிமிர்த்துங்கள். இடுக்கி வேண்டாம், பின் ஒடிந்துவிடும்.